ஸ்கிரிப்ட் தளத்தில் திரைக்கதையை ஏற்றுவது: கோப்பு முதல் ஒப்பந்தம் வரை

தயாரிப்பு நிறுவனத்தில் கதை தேடும் வேலையில் இருப்பவர் எழுத்தாளர்கள் திரைக்கதையை ஏற்றி வைக்கும் ஒரு ஸ்கிரிப்ட் தளத்துக்குள் நுழையும்போது கையில் ஒரு தேவையோடுதான் வருகிறார். நான்கு நடிகர்கள், ஒரே வீடு, த்ரில்லர், நூறு பக்கத்துக்குள். இதைத் தேடலில் கொடுக்கிறார்; பட்டியல் வருகிறது; ஓரிரு வரியில் கதையைச் சொல்லும் ஒவ்வொரு ஒன்லைனிலும் சில நொடி நிற்கிறார்; பிடித்தால் கதைச்சுருக்கத்தைத் திறக்கிறார்; அதுவும் பிடித்தால்தான் பிடிஎஃப். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய திரைக்கதை இந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் ஒன்லைன், வகைக் குறி, பட்ஜெட் குறி, பக்க எண்ணிக்கை எல்லாவற்றையும் பலர் பதிவேற்றும் அன்று பத்தே நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். நல்ல ஸ்கிரிப்டும் தளத்தில் யாரும் திறக்காமல் கிடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

எந்த வகைத் தளம்

எல்லாவற்றையும் 'ஸ்கிரிப்ட் தளம்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் வேலை செய்யும் விதம் வேறு வேறு.

மதிப்பீட்டுத் தளங்கள் ஒரு வகை. ஸ்கிரிப்டை வைத்திருக்க மாதக் கட்டணம். தனிக் கட்டணம் கட்டினால் தளத்தின் வாசகர் ஒருவர் படித்து மதிப்பெண் போடுவார். அதிக மதிப்பெண் வாங்கியவை தயாரிப்பாளர்கள் கண்ணில் படும் இடத்துக்கு நகரும். 'தி பிளாக் லிஸ்ட்' இந்த வகை. இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஃபிராங்க்ளின் லெனார்ட் 2005-இல் தொடங்கிய ஆண்டுப் பட்டியல் ஹாலிவுட் நிர்வாகிகளின் வாக்குகளால் உருவாவது. 2012-இல் அதே பெயரில் வந்த தளம், யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி ஸ்கிரிப்ட் ஏற்றக்கூடிய இடம். தளத்தில் ஏற்றிவிட்டு 'என் ஸ்கிரிப்ட் பிளாக் லிஸ்டில் வந்திருக்கிறது' என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் மின்னஞ்சலை அங்கேயே மூடிவிடுவார். ஆஸ்கர் அகாடமி நடத்தும் திரைக்கதைப் போட்டியான நிக்கல் ஃபெலோஷிப் 2025 முதல் பொது விண்ணப்பங்களை இந்தத் தளம் வழியாகத்தான் பெறுகிறது.

பட்டியல் தளங்கள் இரண்டாவது வகை. 2000-இல் தொடங்கிய 'இங்க்டிப்' இதற்கு உதாரணம். தயாரிப்பாளர்களைச் சரிபார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். உங்கள் ஒன்லைனையோ சுருக்கத்தையோ ஸ்கிரிப்டையோ யார் திறந்தார்கள் என்பது உங்களுக்குப் பதிவாகத் தெரியும். குறைந்த பட்ஜெட் படம் எடுப்பவர்கள் இங்கே அதிகம். தயாரிப்பாளர்களே 'இப்படி ஒரு கதை வேண்டும்' என்று அறிவிக்கும் வசதியும் இத்தகைய தளங்களில் உண்டு. முழுநீளப் படத்துக்குப் புது எழுத்தாளர் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த அறிவிப்புகளைத்தான், ஏனென்றால் அங்கே தேவை ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவது, யாரும் இலவசமாக ஏற்றி யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த களஞ்சியங்கள். குறும்படத்துக்கு இவை மிகவும் பொருத்தம்: மாணவ இயக்குநர்கள் தேடி வருவது இங்கேதான். முழுநீளக் கதையை முழுவதுமாக இங்கே வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. முதல் பத்துப் பக்கத்தை வைத்து, மீதியைக் கேட்டால் அனுப்புவதாகக் குறிப்பிடலாம்.

காசு கட்டி நிர்வாகியிடம் எட்டு பத்து நிமிடம் கதை சொல்லும் 'பிட்ச்' தளங்களும் இருக்கின்றன. கதை சொல்லிப் பழக உதவும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எதிரே உட்காருபவருக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடைக்கிறது, கதை தேவைப்படுகிறதா என்பது வேறு விஷயம்.

எந்தத் தளமும் நிரந்தரம் கிடையாது. சக எழுத்தாளர்கள் ஒருவர் ஸ்கிரிப்டை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் முறையை 2002-இலேயே நடத்திய 'ட்ரிகர் ஸ்ட்ரீட்' இன்று இல்லை. யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட் அனுப்பலாம் என்று அமேசான் ஸ்டுடியோஸ் 2010-இல் திறந்த பொது வாசலை 2018-இல் மூடியது. போட்டி முடிவுகளையும் தரவரிசையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்த 'கவர்ஃப்ளை' 2025-இல் நின்றது. மதிப்பீட்டு அறிக்கை, பார்வைப் பதிவு, வந்த செய்திகள் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை பிடிஎஃப் ஆகவோ திரைப்பிடிப்பாகவோ உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள்.

கோப்பைத் தயார் செய்தல்

உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் அமைப்பு இது: 12 புள்ளி கூரியர் எழுத்துரு, இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற ஓரங்கள் ஏறக்குறைய ஒரு அங்குலம், முழுநீளப் படம் 90 முதல் 120 பக்கம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு கூரியரை நம்பித்தான் நிற்கிறது. அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அங்குலத்துக்குப் பத்து எழுத்து.

தமிழில் எழுதினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். கூரியரில் தமிழ் எழுத்துகள் கிடையாது. மென்பொருள் தானாக வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும். அதில் 'ர' ஒல்லி, 'ணை' அகலம். வரி உயரமும் மாறும். இதனால் தமிழ் ஸ்கிரிப்டின் 140 பக்கம் இரண்டு மணி நேரப் படமாகவும் இருக்கலாம், மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம். ஐந்து பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: வசனம் மட்டும் இருக்கும் ஒன்று, செயல் மட்டும் இருக்கும் ஒன்று, கலந்தவை மூன்று. செயலை மனத்தில் ஓட்டி, வசனத்தை வாய்விட்டுப் படித்து, கடிகாரம் வைத்து அளந்து சராசரி எடுங்கள். அந்தச் சராசரியை மொத்தப் பக்கத்தால் பெருக்கி வருவதை 'உத்தேச ஓட்ட நேரம்' என்று தளத்தின் விவரத்தில் எழுதுங்கள். பக்க எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து ஒதுக்குபவர்கள் குறைவார்கள்.

எழுதும் மென்பொருளிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபவுண்டன் என்ற எளிய உரை முறையில், வரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் அதைக் கதாபாத்திரப் பெயர் என்று மென்பொருள் புரிந்துகொள்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை. பெயரும் வசனமும் செயல்வரியாக (காட்சியில் நடப்பதை விவரிக்கும் வரியாக) போய் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பெயருக்கு முன்னால் @ குறியும், காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளியும் போட்டுவிட்டால் சரியாகிவிடும்:

.உள். ஆம்புலன்ஸ் – இரவு

கண்ணாடியில் மழை. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது.

@கதிர்
பேசாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க.

@நோயாளி
(கண் திறந்து)
இந்த ரோடு எனக்குத் தெரியும்.

பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி கட்டாயம். பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே வெற்று வரி வரக் கூடாது. வந்தால் வசனம் மறுபடி செயல்வரியாகிவிடும்.

யூனிகோடில்தான் எழுத வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு உங்கள் கணினியில் அழகாகத் தெரியும்; தளத்தின் தேடலுக்கோ அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். சோதனை எளிது: பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழுந்தால் பரவாயில்லை, தமிழ் பிடிஎஃப்களில் அது வழக்கம். மொத்தமும் ஆங்கிலக் குப்பையாக வந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றாதீர்கள். பிறகு பிடிஎஃப் பண்புகளைத் திறந்து எழுத்துரு கோப்புக்குள்ளேயே உட்பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்பதியாவிட்டால் அடுத்தவர் கைப்பேசியில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அதே பண்புகள் பகுதியில் ஆசிரியர் பெயரும் தலைப்பும் என்ன காட்டுகின்றன என்றும் கவனியுங்கள். இரவல் கணினியில் ஏற்றுமதி செய்திருந்தால் ஆசிரியர் இடத்தில் வேறொருவர் பெயர் உட்கார்ந்திருக்கும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். உரிமைத் தகராறு வந்தால் சின்னதாக இருக்காது.

முதல் பக்கத்தில் தலைப்பு, எழுதியவர், தொடர்பு மின்னஞ்சல் போதும். எத்தனையாவது டிராஃப்ட், எந்தத் தேதி என்று போட வேண்டாம். மூன்று வருடம் பழைய தேதியைப் பார்த்தவுடன் 'இவ்வளவு நாள் யாரும் எடுக்கவில்லையா' என்ற நினைப்புதான் வரும். பக்கம் முழுக்கப் பெரிய வாட்டர்மார்க் போடுவதும் வேண்டாம். படிக்கத் தொந்தரவு, திருட நினைப்பவரை அது தடுப்பதும் இல்லை.

ஏற்றும் முன் உரிமைச் சான்று

'என் ஐடியாவைத் திருடிவிடுவார்களா' என்பதுதான் முதல் பயம். சட்டம் பாதுகாப்பது எண்ணத்தை அல்ல, எழுதிய வடிவத்தை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்ற நிபந்தனை இல்லை. எழுதிய படைப்பு எழுதியவருடையது. பதிவு உதவுவது நிரூபிக்கும் நேரத்தில். ஆகவே ஒரு வரி எண்ணத்தைவிட, 100 பக்கத் திரைக்கதையும் அதற்கு முந்தைய வரைவுகளும் கையில் இருப்பவர் பலமான இடத்தில் நிற்கிறார்.

உங்கள் நாட்டின் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது முதல் வழி. எழுத்தாளர் சங்கப் பதிவு அடுத்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதி எழுத்தாளர் சங்கமான டபிள்யூஜிஏ வெஸ்ட்டில் செய்யும் பதிவு ஐந்து ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். அது இந்தத் தேதியில் இந்தக் கோப்பு இருந்தது என்பதற்கான சாட்சி மட்டுமே. அரசுப் பதிவின் இடத்தை அது பிடிக்காது. தனக்குத் தானே தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழைய வித்தையை விட்டுவிடலாம். பதிவுக்கு அது மாற்றாகாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே சொல்கிறது.

இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால், ஏற்றுவதற்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: யாருக்கு எத்தனை சதவீதம், டைட்டில் கார்டில் பெயர் எந்த வரிசையில், ஒருவர் விலகினால் மற்றவர் தனியாக விற்கலாமா. நாவலிலிருந்தோ சிறுகதையிலிருந்தோ எடுத்ததாக இருந்தால் அந்த உரிமை எழுத்தில் கையில் இருக்க வேண்டும். கதை டிஸ்கஷனில் உட்கார்ந்து காட்சி சொன்ன நண்பர்களிடமும் ஒரு வரி எழுதி வாங்கிவிடுவது நல்லது. படம் எடுக்கப்போகும் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்பது உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலியைத்தான். ஒரு கண்ணி காணாமல் போனாலும் பேச்சு நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பு இன்னொரு சிக்கல். பன்னாட்டுத் தளங்களில் படிப்பவர்கள் ஆங்கிலத்தில் படிப்பவர்கள். தமிழ்த் திரைக்கதையை இன்னொருவர் மொழிபெயர்த்துக் கொடுத்தால், மூலம் உங்களுடையதாக இருந்தாலும் அந்த மொழிபெயர்ப்பு அவருடைய படைப்பாகத் தனிப் பாதுகாப்பு பெறும். பணம் கொடுத்தாலும் சரி, நட்புக்குச் செய்தாலும் சரி, மொழிபெயர்ப்பின் உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாகக் கையெழுத்து வாங்கிய பிறகே ஏற்றுங்கள்.

விதிமுறையில் தேட வேண்டிய சொற்கள்

தளத்தின் விதிமுறை முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் குறைந்தது ஐந்து இடங்களைத் தேடிப் படியுங்கள்.

நீங்கள் தருவது உரிமமா, உரிமை மாற்றமா? கோப்பைச் சேமிக்கவும் உறுப்பினர்களுக்குக் காட்டவும் தளத்துக்கு உரிமம் வேண்டும், அது இயல்பு. 'வழித்தோன்றல் படைப்புகளை உருவாக்கும் உரிமை', அதாவது உங்கள் ஸ்கிரிப்டை வைத்து வேறு படைப்புகளை உருவாக்கும் உரிமை என்று வந்தால் எச்சரிக்கை. ஏற்றியவுடன் ஆப்ஷன் (குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் ஒதுக்குவது) தானாக உருவாகிறதா? அமேசான் ஸ்டுடியோஸ் தொடக்க விதியில் இது இருந்தது: ஏற்றிய ஸ்கிரிப்டின் மீது பதினெட்டு மாத ஆப்ஷன் இலவசமாக அவர்களுக்குப் போனது, மற்றவர்கள் அதைத் திருத்தி எழுதவும் முடிந்தது. எழுத்தாளர்கள் எதிர்த்தார்கள், விதி பிறகு தளர்த்தப்பட்டது. விற்றால் தளத்துக்குக் கமிஷன் உண்டா? நீக்கினால் கோப்பு எத்தனை நாளில் முழுவதுமாக அழியும்? செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சிப் பொருளாக உங்கள் ஸ்கிரிப்டைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறார்களா, மறுக்க வழி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விதிமுறையில் தெளிவான பதில் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்லைனும் குறிகளும்

மேலே மாதிரிக் காட்சியில் பார்த்த கதிரின் ஆம்புலன்ஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். தளங்களில் அடிக்கடி காணக் கிடைக்கும் ஒன்லைன் இப்படி இருக்கும்:

'மனிதநேயத்துக்கும் பழிவாங்கும் வெறிக்கும் இடையே ஒரு சாமானியனின் மனப்போராட்டத்தைச் சொல்லும் விறுவிறுப்பான கதை.'

இதில் யாரும் இல்லை, எதுவும் நடக்கவில்லை. தேடுபவருக்கு எத்தனை நடிகர் என்பதும் தெரியாது, எங்கே நடக்கிறது என்பதும் தெரியாது. இதையே இப்படி எழுதலாம்:

'இரவுப் பணியிலிருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தான் ஏற்றிச் செல்லும் நோயாளிதான் தன் மகளை இடித்துக் கொன்றுவிட்டுத் தப்பியவன் என்று பாதி வழியில் அறிகிறார். மருத்துவமனைக்கு இன்னும் இருபது நிமிடம்.'

ஆள் யார், என்ன தெரியவந்தது, எது நெருக்குகிறது என்று மூன்றும் வந்துவிட்டன. கூடவே சொல்லாமலே சில தகவல்கள் போகின்றன: ஒரு வண்டி, இரண்டு முக்கிய நடிகர், ஓர் இரவு. குறைந்த செலவில் எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். முடிவை ஒன்லைனில் சொல்லக் கூடாது. கதைச்சுருக்கத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். 'முடிவை அறியத் திரைக்கதையைப் படியுங்கள்' என்று சுருக்கத்தை நிறுத்துவது போஸ்டருக்குப் பொருந்தும், கதை வாங்க வந்தவரிடம் எடுபடாது.

சுருக்கம் ஒரு பக்கம். நிகழ்காலத்தில் எழுதுங்கள். பெயர்களை நான்குக்குள் நிறுத்துங்கள். மற்றவர்களை 'செவிலி', 'மேலாளர்' என்று சொன்னால் போதும்.

குறிகளில் அதிகம் தவறுவது பட்ஜெட். கதை இரண்டு பேர் பேசுவதாகவே இருக்கும். ஆனால் ஒரு காட்சியில் பாலம் இடிந்து விழும். அந்த ஒரு காட்சிக்காக 'குறைந்த பட்ஜெட்' தேடல் உங்களுக்குக் கைவிட்டுப் போகிறது. பாலம் இடிந்த சத்தத்தை உள்ளே இருப்பவர்கள் கேட்பதாக மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் உண்மையான பட்ஜெட்டையே குறியுங்கள், ஏமாந்து திறந்தவர் இரண்டாவது முறை உங்கள் பெயரைத் திறக்கமாட்டார். வகைக்கு இரண்டு குறி போதும். த்ரில்லர், காதல், நகைச்சுவை, குடும்பம் என்று நான்கையும் தட்டினால் எந்தத் தேடலிலும் சரியான ஆளிடம் போய்ச் சேராது.

காசு கொடுத்து வாங்கும் மதிப்பீடு

பிளாக் லிஸ்ட் மதிப்பீட்டில் மொத்த மதிப்பெண்ணோடு கதைக்கரு, கதைப்போக்கு, பாத்திரம், வசனம், களம் என்று தனித்தனியாக 1 முதல் 10 வரை போடுவார்கள். பலம், பலவீனம், படமாகும் வாய்ப்பு பற்றி எழுத்திலும் சொல்வார்கள். மொத்த மதிப்பெண் மற்றவற்றின் சராசரி அல்ல. 'இதை என் மேலாளரிடம் கொடுப்பேனா' என்ற கேள்விக்கான பதில் அது. எட்டும் அதற்கு மேலும் வந்தால்தான் தளம் அதை முன்னால் தள்ளும். ஆறும் ஏழும் கௌரவமான மதிப்பெண்தான், ஆனால் தளத்துக்குள் அவற்றால் பெரிய நகர்வு இருக்காது.

ஒரே ஸ்கிரிப்டுக்கு ஒருவர் ஐந்தும் இன்னொருவர் எட்டும் போடுவது சாதாரணம். அதனால் முதல் அறிக்கை வந்தவுடன் கோபத்தில் அடுத்ததற்குப் பணம் கட்டாதீர்கள். அறிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். 'கதிரின் மகள் பற்றி 40-ஆம் பக்கம் வரை தெரியவில்லை' என்பது நடந்த உண்மையைச் சொல்லும் வரி. அது சரியா என்று பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். 'ஈர்க்கவில்லை' என்பது ரசனை. முதல் வகையில் வந்தவற்றைத் திருத்திய பிறகே இரண்டாவது மதிப்பீடு. மதிப்பெண் குறைவென்றால் பொதுப் பார்வையிலிருந்து அதை மறைக்கும் வசதி உண்டு, பயன்படுத்துங்கள்.

காசு கட்டும் முன், ஸ்கிரிப்டை இதுவரை படிக்காத இரண்டு மூன்று எழுத்தாளர்களிடம் கொடுத்துவிடுவது எப்போதும் மலிவு. அவர்கள் ஸ்கிரிப்டையும் நீங்கள் படித்துக் கொடுக்க வேண்டும், அதுதான் செலவு. 'எங்கே மூடி வைத்தீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். 'எப்படி இருந்தது' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் வரும்.

பார்வைப் பதிவைப் படித்தல்

ஏற்றி ஆறேழு வாரம் கழித்து எண்களைப் பாருங்கள். பத்துப் பதினைந்து பார்வையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. சில டஜன் சேரட்டும்.

ஒன்லைனே யாருக்கும் காட்டப்படவில்லை என்றால் குறிகளில் கோளாறு. ஒன்லைனைப் பலர் பார்த்தும் சுருக்கத்தைத் திறக்கவில்லை என்றால் ஒன்லைனில் கோளாறு, அல்லது தலைப்பு ஒரு வகையையும் ஒன்லைன் இன்னொரு வகையையும் சொல்கிறது. சுருக்கத்தைத் திறந்தவர்கள் ஸ்கிரிப்டை இறக்கவில்லை என்றால் பெரும்பாலும் நடுப்பகுதியில் சிக்கல்: கதாநாயகர் செயல்படாமல் எல்லாம் அவருக்கு நடந்துகொண்டிருக்கும். இறக்கியவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றால் முதல் பத்துப் பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அழைப்பு வந்தால்

செய்தி அனுப்பியவரின் பெயரைத் திரைப்படத் தரவுத்தளங்களில் தேடுங்கள். 'அறிவிக்கப்பட்டது', 'உருவாக்கத்தில்' என்று நிற்கும் தலைப்புகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றை யாரும் சேர்க்கச் செய்துவிடலாம். வெளியான படம் எது, அதில் அவர் என்ன பொறுப்பு என்று பாருங்கள். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே கண்டுபிடித்து அழைத்து, இந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். படிப்பதற்குக் கட்டணம், பதிவுக்கு முன்பணம், தயாரிப்பில் பங்கு என்று எந்தப் பெயரில் உங்களிடம் பணம் கேட்டாலும் பேச்சை நிறுத்திவிடலாம். பிடிஎஃப் இருக்கும்போது திருத்தக்கூடிய கோப்பைக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு முன் அதைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

அடுத்து, 'சின்னச் சின்ன மாற்றம் செய்து கொடுங்கள், பிறகு பேசுவோம்'. ஒரு குறிப்பைக் கேட்டுக்கொண்டு எப்படி மாற்றுவீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பலாம். முழு டிராஃப்டை இலவசமாகத் திருப்பி எழுதினால், அவர் விலகிய பிறகு 'அந்த மாற்றம் என் யோசனை' என்ற சண்டைதான் கையில் மிஞ்சும்.

ஒப்பந்தம் இரண்டு வடிவில் வரும். ஆப்ஷன் என்றால், குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கும் உரிமையை அவருக்கு மட்டும் ஒதுக்கி வைப்பது. அதில் இவையெல்லாம் எழுதியிருக்க வேண்டும்: காலம் எத்தனை மாதம், நீட்டிப்பு எத்தனை முறை, ஒவ்வொரு நீட்டிப்புக்கும் எவ்வளவு, வாங்கும்போது முழு விலை எவ்வளவு, ஆப்ஷன் தொகை அதில் கழியுமா. ஆப்ஷன் தொகை வாங்கும் விலையில் பத்து சதவீதம் என்பது ஹாலிவுட்டில் பழகிய அளவு. புது எழுத்தாளருக்குப் பெயரளவுத் தொகைதான் வரும். தொகை குறைந்தால் காலத்தையும் குறையுங்கள். விலையைப் பட்ஜெட்டின் சதவீதமாகச் சொன்னால் இதற்குக் கீழே போகாது என்று ஒரு குறைந்தபட்ச எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். காலம் முடிந்தால் உரிமை தானாகத் திரும்பும் என்ற வரி இல்லாத ஆப்ஷனில் கையெழுத்துப் போடவே கூடாது. டைட்டில் கார்டில் பெயர், முதல் திருத்தத்தை எழுதும் வாய்ப்பு, நாடகம், நாவல், தொடர் உரிமைகள் யாரிடம் இருக்கும் என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது வடிவம் 'ஷாப்பிங்' ஒப்பந்தம். விலை எதுவும் இருக்காது; சில மாதங்களுக்கு உங்கள் ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு அவர் பிற நிறுவனங்களின் கதவைத் தட்டுவார், ஆள் கிடைத்தால் நீங்கள் தனியாகப் பேரம் பேசிக்கொள்ளலாம். அதில் யார் யாரிடம் காட்டினார் என்ற பட்டியலை முடிவில் தர வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் ஏற்கெனவே மறுத்தது தெரியாமல் அடுத்தவர் அதே கதவைத் தட்டினால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

கையெழுத்துக்கு முன் ஒரு பொழுதுபோக்குத் துறை வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காட்டுவது வீண் செலவு ஆகாது.

இயக்குநர் பக்கத்திலிருந்து

படம் எடுக்கக் கதை தேடுபவர் முதலில் தன்னிடம் இருப்பதைப் பட்டியல் போட வேண்டும்: எந்த இடம் கிடைக்கும், எத்தனை நாள் படப்பிடிப்பு, எத்தனை நடிகர், இரவுக் காட்சிக்கு விளக்கு உண்டா. குறும்படத்துக்கு ஐந்து முதல் பத்துப் பக்கம், ஒரே இடம், இரண்டு மூன்று பேர். தேடலை இந்த அளவுக்குச் சுருக்கிய பிறகு ஒன்லைன்களைப் படித்தால் பாதி நேரம் மிச்சம்.

தளத்தில் 'இலவசம்' என்று இருந்தாலும் எழுத்தாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கியே ஆக வேண்டும். படிக்க இலவசம் வேறு, படமெடுக்க இலவசம் வேறு. முதல் செய்தியில் யார் நீங்கள், முன்பு எடுத்த ஏதாவதொன்றின் இணைப்பு, எப்போது படப்பிடிப்பு, எங்கே வெளியிடப்போகிறீர்கள், இந்த ஸ்கிரிப்டில் எது பிடித்தது என்பவை இருந்தால் போதும். ஐந்தாறு வரிக்குள் அடங்கும். குறும்பட அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: ஒரே ஒரு படம் எடுக்க மட்டும் அனுமதி, இத்தனை மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அனுமதி காலாவதி, விழாக்களுக்கும் இணையத்துக்கும் சேர்த்தா, விழாவுக்கு மட்டுமா, காணொளித் தளத்தில் விளம்பர வருமானம் வந்தால் பங்கு எப்படி, எழுத்தாளர் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில், முடிந்த படத்தின் பிரதி எப்போது கிடைக்கும்.

எழுத்தாளர்கள் அதிகம் புகார் சொல்வது கடைசி இரண்டைப் பற்றித்தான். படம் விழாவில் ஓடியது அவருக்குத் தெரியவே வராது, தெரியும்போது பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். படத்தொகுப்பு முடிந்ததும், கலர் கரெக்ஷனுக்குப் போகும் முன், டைட்டில் கார்டின் திரைப்பிடிப்பை எழுத்தாளருக்கு அனுப்பி 'சரி' என்று பதில் வாங்குங்கள். வசனத்தைப் படப்பிடிப்பில் மாற்றுவது இயல்பு. முடிவை மாற்றுவதாக இருந்தால் படப்பிடிப்புக்கு முன்பே கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்ற வரியும் கடிதத்தில் இருக்கட்டும்.